சீட்டில் இல்லாத மாத்திரை

பரிசோதனைக் கூடத்துக்கு வரும் மலப் பரிசோதனைச் சீட்டில் பெயர், வயது, 'ஸ்டூல் ரொட்டீன்' இவ்வளவுதான் இருக்கும். வந்தவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. சேலையூர், மேடவாக்கம், குரோம்பேட்டை என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள கூடங்களிலேயே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து பிழைத்தவன் நான். இந்தத் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் இந்தச் சீட்டைப் பற்றித்தான் சொல்வேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர் என்று ஒரு வரி அதில் இருந்தால், நான் எடுக்கும் சாயம் வேறு, பார்க்கும் நேரம் வேறு. இல்லாவிட்டால் வழக்கமான பரிசோதனைதான் நடக்கும். அதில் சில ஒட்டுண்ணிகள் தெரியவே தெரியாது.

வழக்கமான பரிசோதனை என்பது இவ்வளவுதான். ஈர்க்குச்சி முனையளவு மலத்தை ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புநீரில் கரைத்து ஒரு பக்கம், அயோடினில் கரைத்து இன்னொரு பக்கம், மேலே கவர் ஸ்லிப். முதலில் சிறிய லென்ஸ், பிறகு பெரிய லென்ஸ். கொக்கிப்புழு முட்டை, நாக்குப்பூச்சி முட்டை, ஜியார்டியா, அமீபா எல்லாம் இதில் சிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் சிக்காது. அதன் கூடு 4 முதல் 6 மைக்ரான்தான், நிறமும் இல்லை. ஈஸ்ட் துணுக்கு என்று கண் அதைத் தாண்டிப் போய்விடும். சிவப்புச் சாயம் ஏற்றி, ஆயில் லென்ஸில் பார்த்தால்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தச் சிவப்புச் சாயத்தைத் தாம்பரத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் இன்றைக்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். இந்தப் பகுதியில் லேப் வேலை கற்றவர்களின் விரல் நுனியில் கார்பால் ஃபுக்சின் கறை ஏறாமல் இருந்திருக்காது. சளியை ஸ்லைடில் தேய்த்து, சூடு காட்டி, சிவப்பு ஏற்றி, 25 சதவீத கந்தக அமிலத்தில் கழுவினால் மற்றதெல்லாம் வெளுத்துப் போகும், காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பாக நிற்கும். குடலில் இருக்கும் சில ஒட்டுண்ணிகளின் கூட்டுக்கும் இதே பிடிவாதம் உண்டு, ஆனால் அவ்வளவு வலு கிடையாது. அமிலத்தை 1 சதவீதமாகக் குறைத்தால் போதும். கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா, சிஸ்டோஐசோஸ்போரா மூன்றும் இளஞ்சிவப்பாக எழுந்து வரும். பாட்டில் அதேதான், அமிலத்தின் அளவுதான் வேறு.

இந்த வித்தையை எங்கள் பக்கத்துக்குக் கற்றுக்கொடுத்தது எச்.ஐ.வி. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டில் தென்னிந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வந்து சேர்ந்த இடம் தாம்பரம் சானடோரியம். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எலும்பும் தோலுமாக உடம்பு. அவர்களுடைய மலத்தில்தான் இந்தச் சிவப்பு உருண்டைகளை இங்குள்ளவர்கள் பார்த்துப் பழகினார்கள். 2004 ஏப்ரல் முதல் தேதி மத்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மருந்து உள்ளே போக, எதிர்ப்புச் சக்தி ஏற ஏற, அந்த உருண்டைகள் ஸ்லைடிலிருந்து குறைந்துகொண்டே வந்தன.

குறைந்த இடத்தை வேறு நோயாளிகள் நிரப்பினார்கள். 2008இல் தமிழ்நாடு அரசு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானத்துக்கு முறையான ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அதற்குப் பிறகு உறுப்புதானம் வீட்டுத் திண்ணையிலும் பேசும் பேச்சானது. மாற்றுச் சிறுநீரகம், மாற்றுக் கல்லீரலோடு வாழ்கிறவர்கள் இன்று நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வந்த உறுப்பை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் என்று மருந்துகள். எச்.ஐ.வி. நோயாளிக்கு மாத்திரை எதிர்ப்புச் சக்தியை ஏற்றுகிறது. இவர்களுக்கு மாத்திரையின் வேலையே அதை இறக்கி வைப்பது. வாழ்நாள் முழுக்க. இவர்களோடு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள், லூபஸ் நோயாளிகள், தோலில் கொப்புளம் வெடிக்கும் பெம்ஃபிகஸுக்கு உயர் அளவு ஸ்டீராய்டில் இருப்பவர்கள், குடல் அழற்சி நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். வெளித்தோற்றத்துக்கு எல்லாரும் நல்ல ஆரோக்கியமானவர்கள். பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவர்கள்.

பெருங்களத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் தண்ணீராகப் போகிறது. டப்பாவைக் கொடுக்க வந்தது அவருடைய மனைவி.

"எத்தனை டெஸ்ட்டு தம்பி எடுக்கறது? எல்லாத்துலயும் ஒண்ணுமில்லன்னே எழுதிக் குடுக்கறாங்க."

"அண்ணன் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாராம்மா?"

"கிட்னி மாத்திரை சாப்பிடறார். ஆபரேஷன் பண்ணி நாலு வருஷமாச்சு."

பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் காட்டினார். டாக்ரோலிமஸ். அதற்கு மேல் நான் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. மலத்தை ஃபார்மலின், ஈதர் விட்டுச் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்துச் சிவப்புச் சாயம் ஏற்றினேன். நீள்வட்டமாக, 30 மைக்ரானை ஒட்டிய அளவில், உள்ளே கரு உருண்டையோடு சிஸ்டோஐசோஸ்போரா. சாயம் இல்லாத ஸ்லைடிலும் அது இருக்கும். நிறமில்லாததால், தேடுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் படும்.

இந்த நோயாளிகளின் வயிற்றுப்போக்கில் மருத்துவர்களை ஏமாற்றும் பொறிகள் பல இருக்கின்றன. மைக்கோஃபெனோலேட்டே வயிற்றுப்போக்கைத் தரும் மருந்து. அதனால் பழி முதலில் அதன்மேல் விழும், அளவைக் குறைப்பார்கள். குறைத்தால் உறுப்பை உடம்பு நிராகரிக்கும் அபாயம். வயிற்றுப்போக்கு நீடித்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறும். அது சிறுநீரகத்துக்கு நஞ்சு. உடம்பில் நீர் வற்றும், கிரியாட்டினின் ஏறும். உறுப்பு நிராகரிப்புதானோ என்ற சந்தேகம் வரும். அதற்குச் சிகிச்சை இன்னும் கூடுதல் ஸ்டீராய்டு. குடலில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணிக்கு அதைவிட நல்ல காலம் ஏது? இத்தனைக்கும் சிஸ்டோஐசோஸ்போராவுக்கு மருந்து கோட்ரைமாக்சசோல், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் பழைய மாத்திரை. மாற்று அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் ஒருவகை நிமோனியாவைத் தடுக்க அதைக் கொடுக்கிறார்கள். அதுவரை இந்த ஒட்டுண்ணியும் அடங்கிக் கிடக்கும். நிறுத்திய பிறகுதான் தலைதூக்கும். அந்த அண்ணனுக்குச் சிறுநீரக மருத்துவர் அளவு பார்த்து அதைக் கொடுக்க, சில நாளில் வயிறு கட்டியது.

கிரிப்டோஸ்போரிடியம் அவ்வளவு சாது இல்லை. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர்களுக்குத் தானே சரியாகிவிடும். அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு நைட்டசாக்சனைடு கொடுத்தாலும் முழுப் பலன் நிச்சயமில்லை. அடக்கும் மருந்தையே மருத்துவர் கவனமாகக் குறைக்க வேண்டி வரும். குளோரினுக்கும் அது மசியாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் சுத்திகரித்து அனுப்பிய குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, கிணறும் செப்டிக் டேங்கும் ஒரே நீரானபோது, எங்கு பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர்தான். காலராவுக்கும் டைபாய்டுக்கும் அது சரி. மாற்றுச் சிறுநீரகக்காரர் வீட்டில் தண்ணீர் தளதளவென்று கொதித்தாக வேண்டும். கேன் தண்ணீரையும் கொதிக்க வைக்கச் சொன்னால் "காசு குடுத்து வாங்கறோமே சார்" என்பார்கள். கேனை யார் நிரப்பினார், எதில் கழுவினார் என்று கேனில் எழுதியிருக்காது.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் புழுவுக்கு வருகிறேன். பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். பெண் புழு சுமார் 2 மில்லிமீட்டர். சிறுகுடலின் சுவரில் புதைந்திருக்கும். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். முட்டை குடலிலேயே பொரிந்து, மலத்தில் வருவது குஞ்சுப்புழுதான். மண்ணில் அது முற்றி, வெறுங்காலில் நடக்கிறவரின் தோலைத் துளைத்து ஏறி, ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலுக்கு இறங்கும். கொக்கிப்புழுவும் ஏறக்குறைய இந்த வழிதான். ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தந்திரம் உண்டு. குஞ்சுகளில் சில வெளியே போகாமல் குடலுக்குள்ளேயே முற்றி, குடல் சுவரைத் துளைத்து அதே ஆளுக்குள் மறுபடி புறப்படும். இந்தச் சுற்றை முறிக்காவிட்டால் ஓர் ஆளுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் தலைமுறை தலைமுறையாக வாழும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சியாம்–பர்மா ரயில் பாதை போடப் பிடித்துச் சென்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளை, போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு பரிசோதித்தபோதும் இந்தப் புழு உயிரோடு இருந்தது. பிரிட்டனுக்குத் திரும்பியவர்கள் குளிர்நாட்டில் வாழ்ந்தவர்கள், புதிதாகத் தொற்ற வழியில்லை. அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்கள் நின்றதும் அதே சேற்றில்தான்.

எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும்வரை புழுவும் ஆளும் ஒரே வீட்டில் குடியிருக்கும் பங்காளிகள். பேச்சுவார்த்தை இல்லை, சண்டையும் இல்லை. ஸ்டீராய்டு உள்ளே போனால் கணக்கு மாறுகிறது. குஞ்சுகள் கட்டுக்கடங்காமல் பெருகிக் குடல் சுவரைச் சல்லடையாக்கி, குடலின் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் சில நேரம் மூளைக்கும் போகும். அந்த நிலைக்குப் போனவர்களில் பெரும்பங்கினர் பிழைப்பதில்லை.

படப்பைப் பக்கம் நாற்று நட்டே வயதான ஓர் அம்மா. முட்டிவலி. கடையில் கேட்டு வாங்கிய செட்டு மாத்திரையில் வலி பறந்துவிட்டதாம். காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத மூன்று நான்கு மாத்திரை. அதில் ஒன்று ஸ்டீராய்டு என்பது மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும், சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. நாளடைவில் முகம் உருண்டது. "உடம்பு தேறியிருக்கு" என்று ஊரில் சொன்னார்கள். பிறகு இளைப்பு வந்தது. ஆஸ்துமா என்று இன்னும் ஸ்டீராய்டு ஏறியது. இருமல் நிற்காமல், காசநோயா என்று பார்க்க அவருடைய சளி எங்களிடம் வந்தது.

சளி ஸ்லைடை நேராக ஆயில் லென்ஸில் வைக்காமல் முதலில் சிறிய லென்ஸில் ஓட்டிப் பார்ப்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பழக்கம். அதில் நீளமாக ஒன்று கிடந்தது. மிச்சமிருந்த சளியில் ஒரு சொட்டை அப்படியே உப்புநீரில் வைத்துப் பார்த்தேன். நெளிந்தது. அனுப்பிய மருத்துவரை போனில் பிடித்தேன்.

"மேடம், டி.பி. கிருமி இல்ல, ஏ.எஃப்.பி. நெகட்டிவ். ஆனா சளியில லார்வா இருக்கு."

"சளியிலயா? மோஷன் சாம்பிள் இல்லையே அது?"

"சளிதான் மேடம். உயிரோட இருக்கு."

அந்த அம்மாவின் மலத்தையும் மகனிடம் கேட்டு வாங்கினோம். அதில் குஞ்சுகள் கூட்டமாக. ஐவர்மெக்டினை ஒருநாளோடு நிறுத்தாமல் சளியிலும் மலத்திலும் புழு அறவே இல்லை என்று உறுதியாகும்வரை தினமும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்கினார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. அந்த அம்மா பிழைத்தார்.

ரத்தப் பரிசோதனையில் ஈயோசினோஃபில் ஏறியிருக்காதா என்று கேட்பார்கள். புழு இருந்தால் அந்த அணு ஏறும் என்பது பாலபாடம். ஸ்டீராய்டு அதையும் இறக்கிவிடும். ஆபத்து அதிகமாக இருக்கும் நேரத்தில் அந்த எண் மிக ஒழுங்காக இருக்கும். அதனால் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்த அறிக்கை யாரிடமாவது இருந்தால் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது; எதற்கோ எடுத்த பழைய காகிதத்தில் ஈயோசினோஃபில் 10, 12 சதவீதம் என்று யாரும் கவனிக்காமல் கிடக்கும்.

பூச்சி மாத்திரைதான் பள்ளியிலேயே கொடுக்கிறார்களே என்ற கேள்வியும் வரும். தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அல்பெண்டசோல், ஒரே வேளை. நாக்குப்பூச்சிக்கு அது போதும். ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. அதற்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து. 'போன வருஷம்தான் பூச்சி மாத்திரை போட்டேன்' என்பது இதற்குப் பதிலாகாது.

கொரோனாக் காலத்தில் இந்தப் பயம் உலகத்துக்கே வந்தது. 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று காட்டியது. நல்ல செய்தி. கூடவே, வெப்பநாட்டு மண்ணில் நடந்தவர்களுக்கு இதைக் கொடுக்கும்போது புழுவையும் நினையுங்கள் என்று மருத்துவ இதழ்கள் எழுதின. இங்கே 2021இல் எல்லாருக்கும் தெரிந்த பெயர் கறுப்புப் பூஞ்சை. அதே ஸ்டீராய்டு எழுப்பிவிடக்கூடிய இந்தப் புழுவைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

அமீபாவையும் விட்டுவிடக் கூடாது. ரத்தமும் சளியுமாக மலம் போகிறவருக்குக் குடல் அழற்சி நோய் என்று முடிவு கட்டி ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு, அது அமீபாவாக இருந்தால் குடலே ஓட்டை விழும். அரை மணிக்குள் பார்த்தால்தான் அமீபா உயிரோடு நகர்வது தெரியும். வண்டலூரிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து வரும் டப்பாவில் அது செத்துக் கரைந்திருக்கும். அதனால் இப்படிப்பட்டவர்களை "இங்கயே குடுங்க சார்" என்று எங்கள் கழிப்பறைக்கே அனுப்புவோம். சங்கடப்படுவார்கள். வேறு வழியில்லை.

மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் தேட வேண்டுமென்றால் டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது; குளிரில் குஞ்சு செத்துப்போகும், செத்தது கண்ணில் படாது. வெயிலில் ஒரு நாள் வைத்திருந்து கொண்டுவந்தாலும் தொல்லை: கொக்கிப்புழு முட்டைகள் டப்பாவிலேயே பொரிந்து குஞ்சாகிவிடும். அப்போது இரண்டையும் வாயின் நீளத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கொக்கிப்புழுக் குஞ்சின் வாய்க்குழி நீளம், இதற்குக் குட்டை. மலத்தை மெல்லிய துணியில் கட்டி, ரப்பர் குழாய் மாட்டிய புனலில் வெதுவெதுப்பான நீரில் தொங்கவிட்டால் குஞ்சுகள் சூட்டைத் தேடி நீருக்குள் இறங்கி அடியில் சேரும். அகார் தட்டில் வைத்தால், போகிற வழியெல்லாம் பாக்டீரியாவை இழுத்துக் கோலம் போட்டுவிட்டுப் போகும். இரண்டுக்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். வேண்டியது கையுறையும் நேரமும். தொற்றும் பருவத்துக் குஞ்சு என் தோலையும் துளைக்கும்.

நேரம்தான் இந்தத் தொழிலில் விலை போகாத சரக்கு. ரத்த அணுக்களை இயந்திரம் நிமிடத்தில் எண்ணித் தருகிறது. மலத்துக்கு வாங்கும் கட்டணம் சொற்பம். அதற்குச் சாயம் ஏற்றி ஒருவன் ஆயில் லென்ஸில் நூற்றுக்கணக்கான இடங்களை நகர்த்திப் பார்ப்பது எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. புதிதாக வரும் பிள்ளைகளும் அந்த மேசைக்கு வர மூக்கைச் சுளிக்கிறார்கள். அதனால்தான் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு. எல்லா டப்பாவுக்கும் இந்த உழைப்பைக் கொடுக்க முடியாது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். எங்கள் கூடத்தில் பதிவு மேசைப் பெண்ணிடம் சொல்லி வைத்தேன். மலப் பரிசோதனைக்கு யார் வந்தாலும், உறுப்பு மாற்று சிகிச்சை ஆனதா, மூட்டுக்கோ தோலுக்கோ தொடர்ந்து மாத்திரை உண்டா, செட்டு மாத்திரை பழக்கமா என்று கேட்டுச் சீட்டின் மூலையில் எழுதிவிடுவார். ஆமென்றால் டப்பா நேராக என் மேசைக்கு வரும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் தொழிலுக்கு எதிராகவும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் வெளியே அனுப்பும் குஞ்சுகள் கொஞ்சம். தினமும் அனுப்புவதும் இல்லை. ஒரே ஒரு மாதிரியை வழக்கமான முறையில் பார்த்தால் பத்தில் ஏழு பேரிடம்கூடத் தப்பிவிடும். வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடுத்தாலும் 'இல்லை' என்று நான் எழுதுவது 'நான் பார்த்தவரை இல்லை' என்பதுதான். வயலிலும் செங்கல் சூளையிலும் வெறுங்காலோடு வாழ்ந்த ஒருவருக்கு நாளைக்கே உயர் அளவு ஸ்டீராய்டு தொடங்கியாக வேண்டும் என்றால், என் ஸ்லைடுக்காக மருத்துவர் காத்திருக்க வேண்டாம். எடைக்குத் தக்க ஐவர்மெக்டினை முன்கூட்டியே கொடுத்துவிடுவது பல நாட்டு மருத்துவர்களும் இப்போது ஏற்கும் வழி. அந்த மாத்திரை ஒரு வேளை டீ, டிபன் விலைக்குள் முடிந்துவிடும், நோயாளி ஐ.சி.யூ.வில் கிடந்தால் ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்கில் போகும். காத்திருக்க நேரம் உள்ளவர்கள் மூன்று மாதிரி கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். நேரம் இல்லாதவருக்கு லேப் முடிவைவிட அவர் எந்த மண்ணில் நடந்தார் என்ற கேள்விதான் முக்கியம். அந்தக் கேள்விக்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை.